உழவர் நிறுவனத்தில் இயக்குநராகக் கையெழுத்துப் போடும் முன்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் எங்கள் பக்கத்து ஏழு ஊராட்சிகளைச் சேர்த்து 2021இல் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அதாவது உழவர்களே பங்கு போட்டு நடத்தும் கம்பெனி, பதிவானது. அதன் இயக்குநர்களில் நானும் ஒருத்தி. என்னைச் சேர்த்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. குழுவில் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்றார்கள். நான் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறவள். ஆதாரிலும் பான் அட்டையிலும் என் பெயர் ஒரே மாதிரி இருந்தது. இந்த மூன்றாவது தகுதி எவ்வளவு அபூர்வம் என்பது கிராமத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளில் நிறுவனம் தண்டமாகவும் நஷ்டமாகவும் இழந்தது இரண்டு லட்சத்துக்கு மேல். நான் நகையை அடகு வைத்தேன், தூக்கத்தைத் தொலைத்தேன், சொந்தக்காரர்கள் சிலரோடு பேச்சும் நின்றது. இன்னும் பல ஊர்களில் இப்படி நிறுவனங்கள் தொடங்குகிறார்கள், குழுப் பெண்களைத் தேடிப் பிடித்து இயக்குநர் ஆக்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது கெட்ட யோசனை இல்லை. எங்கள் பக்கம் புளிய மரம் அதிகம். தை பிறந்ததும் உலுக்க ஆரம்பித்தால் சித்திரை வரை வேலை இருக்கும். பாப்பாரப்பட்டியில் புளி வியாபாரம் பெரியது. ஓடு உடைப்பது, நார் எடுப்பது, கொட்டை தட்டுவது எல்லாம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் கிலோ கணக்கில் கூலிக்குச் செய்வது. மரம் வைத்திருப்பவரிடம் கொட்டைப் புளியாக வாங்கும் விலைக்கும், கொட்டை நீக்கிக் கடைக்குப் போகும் விலைக்கும் உள்ள இடைவெளி எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இடைவெளியில் பாதியாவது ஊரிலேயே நிற்கட்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது, ரூ.6,865 கோடி ஒதுக்கீடு. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். ஓர் உறுப்பினர் கட்டும் பங்குத்தொகைக்கு ஈடாக ரூ.2,000 வரை, ஒரு நிறுவனத்துக்கு ரூ.15 லட்சம் வரை மானியம். அலுவலகச் செலவு, முதன்மைச் செயல் அலுவலர் சம்பளம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுகளில் ரூ.18 லட்சம் வரை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது, இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு என்று முடிவானது. நானூற்றுச் சொச்சம் பேரிடம் வாங்கினோம். பாதிக்கு மேல் எங்கள் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கியது. அந்தப் பணத்துக்குப் பின்னால் என் முகம் இருந்தது; நிறுவனத்தின் பெயரை யாரும் பார்க்கவில்லை. "நீ சொல்றதால தர்றேம்மா" என்றுதான் கொடுத்தார்கள். அப்போது பெருமையாக இருந்த அந்த வார்த்தை பின்னால் எப்படிக் கழுத்தை இறுக்கியது என்று சொல்கிறேன். ஏழு ஊராட்சி என்பது காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். நிலத்தில் அது ஏழு பங்காளிச் சண்டை. கொள்முதல் களம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியில் இரண்டு மாதம் போனது. ஒரு ஊரில் வைத்தால் அடுத்த ஊரார் வர மாட்டார்கள். அதற்கு ஊர்ப் பகை, சாதி, பழைய தேர்தல் எல்லாம் காரணம், வெளியே சொல்லும் காரணம் மட்டும் தூரம். கடைசியில் ஒரு பெரியவர் சொன்னதுதான் தீர்வானது: வாரச் சந்தை கூடும் இடத்துக்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வருகிறார்களே, எடை மேடையை அங்கே போடுங்கள் என்றார். இரண்டு சந்தை, இரண்டு கிழமை, ஒரே எலெக்ட்ரானிக் தராசு. சண்டை ஓய்ந்தது. பல ஊர்களைச் சேர்க்கப் போகிறவர்கள் கட்டடம் கட்ட நிலம் தேடுவதற்கு முன்னால், அந்த ஊர்கள் ஏற்கெனவே எங்கே சேர்கின்றன என்று பாருங்கள்.

பயிற்சி வகுப்புகள் நடந்தன. இடைத்தரகர்தான் எதிரி என்று படம் போட்டுக் காட்டினார்கள். களத்தில் இறங்கியபோது தெரிந்தது வேறு. எங்கள் உறுப்பினர்களில் நல்ல மரம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலானோர் தீபாவளிக்கே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். பிள்ளையின் காலேஜ் கட்டணம், மருத்துவச் செலவு, கோயில் திருவிழா. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் காகிதம் கேட்காமல் கொடுக்கிற ஆள் அந்த வியாபாரி ஒருவர்தான். அவருக்குப் புளி போகாமல் எங்களுக்கு எப்படி வரும்? ஆக, உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து எவ்வளவு சரக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். யாருடைய விளைச்சல் ஏற்கெனவே கைமாறிவிட்டது என்று வீடு வீடாகக் கேளுங்கள். நானூறு பேரில் எங்களுக்குப் புளி கொடுக்க முடிந்தவர்கள் அறுபது பேருக்குள்தான்.

2022 மாசியில் கொள்முதல் ஆரம்பித்தோம். ஓடு நீக்கிய கொட்டைப் புளி கிலோ 45 ரூபாய்க்கு, சுமார் 14 டன். ஆறு லட்சத்து முப்பதாயிரம் ஆகிறது. கையில் இருந்தது பங்குத்தொகை நான்கு லட்சம். பங்குத்தொகைக்கு ஈடாகத் தரும் இணை மானியம் எப்போது வரும் என்று கேட்டால் "ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்று பதில். வங்கிக்குப் போனோம். உழவர் நிறுவனங்களுக்கு இரண்டு கோடி வரை கடனுக்கு அரசு உத்தரவாதம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கிளையில் கேட்டது மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு. பிறந்து ஆறு மாதம் ஆன நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வரும்? சந்தையில் மூட்டை வந்து இறங்கிவிட்டது, எடை போட்டாயிற்று, அந்த அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். வியாபாரி என்றால் அங்கேயே எண்ணிக் கொடுப்பார். நான் என் ஆரத்தையும் நான்கு வளையலையும் கூட்டுறவு வங்கியில் வைத்து ஒன்றரை லட்சம் வாங்கி வந்தேன். பெங்களூரில் வேலை செய்யும் என் கணவருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். மீதி எண்பதாயிரத்துக்கு, தெரிந்தவர்கள் சிலர் "அப்புறம் குடு, பரவாயில்ல" என்றார்கள்.

அங்கேதான் இந்த மாதிரி நிறுவனங்களின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. ஒற்றுமை, விழிப்புணர்வு என்று எவ்வளவோ பேசலாம். எடை போட்ட அன்றைக்கே பணம் கொடுக்க முடிந்தால் சேர்ந்த ஊர்கள் சேர்ந்தே இருக்கும். எல்லோரும் அமுலைச் சொல்கிறார்கள். குஜராத்தில் கெடா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் 1946 டிசம்பரில் பதிவானபோது அதில் இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள் என்பதையும், பால் என்பது தினம் ஊற்றித் தினம் விற்கும் சரக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே போட்ட பணம் சில நாளில் சுற்றி வந்துவிடும். புளிக்கு ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை. போட்ட பணம் ஒருமுறை சிக்கினால் அடுத்த தை வரை சிக்கியதுதான். நாங்கள் ஏழு ஊரோடு ஆரம்பித்ததும், ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் சரக்கோடு ஆரம்பித்ததும் திட்டத்தின் உறுப்பினர் எண்ணிக்கைக்காக. ஊருக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் செய்ததல்ல அது.

மீதிக் கதையும் அப்படித்தான் போனது. கொட்டை தட்ட எழுபத்தாறாயிரம் கூலி கொடுத்தோம். அந்தப் பணம் முழுக்க எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் போனது, அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. 14 டன்னில் கொட்டை ஐந்து டன், நாரும் காய்ந்ததில் குறைந்த எடையும் ஒன்றே கால் டன்னுக்கு மேல், நின்றது 7,600 கிலோ புளி. வெயில் ஏற ஏறப் புளி கறுக்கும், கறுத்தால் விலை போகும், அதனால் குளிர்பதனக் கிடங்கில் வைத்தோம். ஆடி, ஆவணியில் விலை ஏறும் என்று இயக்குநர் குழுவில் ஒரே குரலாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஏறவில்லை. வெளியூர் நிறுவனம் ஒன்று கிலோ 95 ரூபாய்க்கு எடுத்தது. 30 நாளில் பணம் என்று பேச்சு. ஐந்து மாதம் ஆனது. அதிலும் ஈரப்பதம் கூடுதல், நார் இருக்கிறது என்று நாற்பதாயிரம் பிடித்துக்கொண்டார்கள். சரக்கு ஏற்றும்போது எங்கள் தராசில் எடுத்த எடைச் சீட்டு இருந்தது, ஈரப்பதம் அளந்த சீட்டு இல்லை. சாக்கு, லாரி, கிடங்கு வாடகை எல்லாம் கழித்து, புளியங்கொட்டை விற்றதையும் சேர்த்தால், நாற்பதாயிரத்துச் சொச்சம் நஷ்டம்.

இப்படி வெளியே சரக்குக் கொடுக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொட்டை நீக்கிப் பதப்படுத்தும் குறுந்தொழில் என்று உங்கள் நிறுவனத்தை மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தாமதமாகும் பணத்துக்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் போடலாம். 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது: குறித்த நாளுக்குள் பணம் தராமல், ஆண்டு முடிந்தும் பாக்கியாக நிற்கும் கொள்முதலை அந்த ஆண்டின் செலவாக வாங்கியவர் காட்ட முடியாது. இதைப் பில்லின் அடியில் இரண்டு வரியாக அச்சடித்தாலே போதும், பல கணக்குப் பிரிவுகளில் உங்கள் பில் மேலே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை, வெறும் வாங்கி விற்கும் வியாபாரம் என்று பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சரக்குப் போகும் முன் இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரிப் பொட்டலம் ஒன்றை முத்திரை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வியாபாரிகள் இதைச் செய்வார்கள், நம் பயிற்சி வகுப்பில் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஐந்து மாதம் ஊருக்குள் நடப்பதே கஷ்டமாக இருந்தது. ரேஷன் கடை வரிசையில் "எங்க ஆயிரம் என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். பங்குத்தொகை என்றால் திரும்பி வரும் டெபாசிட் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அது தொழிலில் போட்ட பணம், நஷ்டம் வந்தால் அதுவும் குறையும் என்று வாங்கும்போது யாரும் விளக்கவில்லை, எனக்கே விளக்கவில்லை. என் சின்ன மாமியார் வீட்டுக் கல்யாணத்தில், எங்களிடம் இருந்து பாக்கி வர வேண்டியிருந்த ஒரு அண்ணன் பந்தியில் வைத்துக் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். கோபம் அவர் மேல் இல்லை. அவருக்குப் பதினோராயிரம் பாக்கி, அவர் கேட்டது நியாயம். பணம் வந்ததும் பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தோம். நகை மட்டும் மீளவில்லை. ஏன் என்று கேட்டால், அடுத்த கதை அதைவிட மோசம்.

நாங்கள் அனுபவித்ததிலேயே மோசமானது புளியால் வந்ததல்ல. 2023 கடைசியில் இணை மானியத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கத் தணிக்கை செய்த கணக்கு கேட்டார்கள். உழவர் நிறுவனங்களை உருவாக்கி வழிகாட்டத் திட்டத்தில் அமர்த்திய அமைப்பைத் துணை நிறுவனம் என்போம்; எங்கள் துணை நிறுவனத்தில் கேட்டால், அந்த வேலையைப் பார்த்த தம்பி விலகிப் போய்விட்டார் என்றார்கள். பதிவு செய்து கொடுத்த ஆலோசகர் போனை எடுக்கவில்லை. எங்கள் முதன்மைச் செயல் அலுவலர், விவசாயம் படித்த நல்ல பையன், நான்கு மாதம் சம்பளம் வராமல் ஏற்கெனவே கிளம்பியிருந்தான். வந்த பணத்தைச் செலவழித்ததற்கான செலவினச் சான்றிதழ் போகாததால், அலுவலகச் செலவுக்கும் சம்பளத்துக்கும் தரும் பணத்தின் அடுத்த தவணை வரவே இல்லை. கடைசியில் நானே தர்மபுரியில் ஒரு ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கம்ப்யூட்டரில் எங்கள் நிறுவனத்தின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பதிவு பண்ணதோட சரி, எதுவுமே ஃபைல் பண்ணலையேம்மா" என்றார்.

கம்பெனிச் சட்டத்தில் நாங்கள் செய்திருக்க வேண்டியவை என்று அவர் எழுதிக் காட்டியது இதுதான். பதிவான 90 நாளுக்குள் முதல் பொதுக்கூட்டம். 180 நாளுக்குள் பங்குப் பணம் வந்துவிட்டது, தொழில் தொடங்குகிறோம் என்ற அறிவிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்குநர் கூட்டம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு வர வேண்டும். நானூறு பேர் என்றால் நூறு பேர் வெயிலில் வந்து உட்கார வேண்டும். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் கணக்கு, 60 நாளுக்குள் ஆண்டறிக்கை. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ஒரே ஆண்டு தாமதத்துக்கு இரண்டு படிவமும் சேர்ந்து 73,000 ரூபாய். எங்களுக்கு அதைத் தாண்டியிருந்தது. இயக்குநர்கள் அப்போது ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் தங்கள் கேஒய்சி படிவம் போட வேண்டும்; தவறியதற்குத் தலைக்கு 5,000, ஏழு பேருக்கு 35,000. ஆடிட்டர் கட்டணம், இரண்டாம் ஆண்டுத் தாமதம், மற்றப் படிவங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கம் வந்தது. அதாவது நூற்றெழுபது குடும்பங்களின் பங்குப் பணம், ஒரு கிலோ புளி கூட வாங்காமல் போய்விட்டது. உழவர் நிறுவனங்களுக்கு அபராதத்தில் பாதிதான் என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனால் நாளுக்கு 100 என்பது அபராதம் இல்லை, கூடுதல் கட்டணம்; சலுகை இதற்குப் பொருந்தாது. மூன்று ஆண்டு தொடர்ந்து போடாமல் விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் ஐந்து ஆண்டுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கத் தகுதி இழந்திருப்போம். ஆடு மேய்க்கும் என் சக இயக்குநர் ஒருவருக்கு இதை நான் விளக்கினேன். "எனக்கு எதுக்கும்மா இந்தத் தகுதி?" என்றார். நியாயமான கேள்வி.

ஏன் எங்களுக்கு ஒரு நோட்டீஸ் கூட வரவில்லை என்று பார்த்தால், நிறுவனத்தின் பதிவில் இருந்த மின்னஞ்சலும் போன் எண்ணும் அந்த ஆலோசகருடையவை. எங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பென் டிரைவ் மாதிரியான டோக்கன்களும் அவர் மேசை டிராயரில். இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. பிறகு பேசிய பல நிறுவனங்களில் இதே நிலை. நீங்கள் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால், நிறுவனத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், ஒரு சிம் வாங்கி அதைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று நில்லுங்கள். கடவுச்சொல் குறைந்தது இரண்டு இயக்குநர்களிடம் இருக்கட்டும். டோக்கனை வாங்கி உங்கள் வீட்டு பீரோவில் வையுங்கள். சான்றிதழ், பான், வங்கிப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு நான்கும் உங்கள் ஊரில் இருக்க வேண்டும், துணை நிறுவனத்தின் நகர அலுவலகத்தில் அல்ல. திட்டத்தில் ஐந்து ஆண்டு கைதூக்கிவிடுவார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த அலுவலகங்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், உங்கள் பெயர் மட்டும் பதிவில் மாறாது.

நகைப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதும்போது ஆடிட்டர், "இந்த ஒன்றரை லட்சத்த எதுல காட்டுறது?" என்று கேட்டார். நான் ரொக்கமாகக் கொண்டுபோய்ச் சந்தையில் கொடுத்தேன், ரசீது கிடையாது. இயக்குநர் தன் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கலாம், ஆனால் அது வேறு இடத்தில் கடன் வாங்கிய பணம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. நகைக்கடன் கடன் வாங்கிய பணம்தானே. அதைச் சரிசெய்ய, விவசாயிகளிடம் இருந்த எடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிக் கணக்கை நேராக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விவசாயிக்கு அவர் விளைவித்த பொருளுக்கு ரொக்கமாகக் கொடுப்பதில் தப்பில்லை, ரொக்கச் செலவுக்கு வருமான வரியில் வைத்திருக்கும் பத்தாயிரம் ரூபாய் வரம்பு அதற்குப் பொருந்தாது. ஆனால் பெயர், எடை, விலை, கையெழுத்தோடு சீட்டு வேண்டும். நல்ல மனசோடு பணம் போடுகிற பெண்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். போடுவதாக இருந்தால் சேமிப்பில் இருக்கும் பணத்தை, வங்கி வழியாக, இயக்குநர் கூட்டத் தீர்மானத்தோடு போடுங்கள். அப்படி முடியாதென்றால் கொள்முதலைக் குறைப்பதுதான் வழி.

நிமிர்ந்தது எப்படி என்றால், பக்கத்து நிறுவனங்களால்தான். ஆடிட்டர் அலுவலகத்தில் காத்திருந்தபோது பாலக்கோடு பக்கத்து நிறுவனத்துத் தலைவர் ஒருவரும் இதே வேலையாக வந்திருந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொன்று. மூன்று நிறுவனத்துக்கும் தனித்தனியாக ஒரு கணக்காளர் வைக்க வசதி இல்லை. சேர்ந்தால் ஒருவரை வைக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் வீதம் மூன்று இடத்துக்கும் அந்தப் பெண் வருகிறார், சம்பளம் மூன்றாகப் பிரிகிறது. அதே ஆடிட்டர், அதனால் கட்டணத்திலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இந்த ஒரு ஏற்பாடு செய்த பிறகு ஒரு ரூபாய் கூடுதல் கட்டணம் கட்டவில்லை. அப்புறம் மாட்டுத் தீவனம். மில்லில் நேராக எடுத்தால் மூட்டைக்கு அறுபது ரூபாய் வரை குறைகிறது, ஆனால் முழு லாரி எடுக்க வேண்டும். பத்து டன் தீவனத்தை எங்கள் உறுப்பினர்கள் மட்டும் வாங்கித் தீர்க்க ஒன்றரை மாதம் ஆகும். மூன்று நிறுவனமாகப் பிரித்தால் பதினைந்து நாளில் தீர்கிறது. லாரி ஒரே சுற்றில் மூன்று இடத்திலும் இறக்கிவிட்டுப் போகிறது. உறுப்பினர் கையோடு பணம் கொடுக்கிறார், எங்கள் பணம் மாதத்துக்கு இரண்டு முறை சுற்றுகிறது. லாபம் மூட்டைக்கு இருபது ரூபாய்தான் வைக்கிறோம். ஆனால் ரேஷன் கடை வரிசையில் இப்போது கேட்பது "தீவனம் எப்ப வருது?" என்றுதான்.

ராகியில் நாங்கள் வாங்குவதே இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் 2023இல் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்காக அரசே நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. குவிண்டாலுக்கு ஆதார விலை 2023-24இல் ரூ.3,846, அடுத்த ஆண்டு ரூ.4,290. பணம் நேராக விவசாயி வங்கிக் கணக்குக்குப் போகிறது. இதில் நிறுவனம் செய்வது சிட்டா, அடங்கல் எடுத்துக் கொடுப்பது, பக்கத்துத் தோட்டங்களின் மூட்டைகளைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றுவது, சுத்தம் செய்ய சல்லடை வாடகைக்குக் கொடுப்பது. சின்னச் சேவைக் கட்டணம். முதல் போட வேண்டியதில்லை, நஷ்டம் வர வழியும் இல்லை. பெரிய நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை என்று எங்கள் தலைவருக்கு மனக்குறை உண்டு. எனக்கு இல்லை.

புளியை விட்டுவிடவில்லை. போன பருவத்தில் இரண்டு டன் மட்டும் வாங்கினோம், கையில் இருந்த பணத்துக்கு மட்டும், சந்தையிலேயே பட்டுவாடா. கொட்டை நீக்கிக் கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாக மூன்று நிறுவனங்களின் தீவனக் கடைகளிலும் வைத்தோம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது ஆண்டுக்கு நூறு ரூபாய்தான், பன்னிரண்டு லட்சம் விற்பனை வரை அது போதுமாக இருந்தது. ஐப்பசிக்குள் தீர்ந்துவிட்டது. நகையில் வளையல் நான்கும் வீட்டுக்கு வந்துவிட்டன, ஆரம் இன்னும் வங்கியில்.

உங்கள் ஊரிலும் யாராவது வந்து படிவத்தை நீட்டினால், அந்தத் துணை நிறுவனம் இதற்கு முன் உருவாக்கிய உழவர் நிறுவனங்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கி உள்ளே போனால், எந்த நிறுவனத்தின் அடிப்படை விவரத்தையும் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். அதில் இரண்டு தேதிகள் இருக்கும்: கடைசிப் பொதுக்கூட்டம் நடந்தது எப்போது, கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்தது எந்த ஆண்டுக்கு. அந்த இரண்டும் வெறுமையாகவோ பழையதாகவோ இருந்தால், அங்கே உள்ள இயக்குநர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு வந்து பேனாவை எடுங்கள்.